கிரெனோபிளுக்கு விஞ்ஞானம் வந்தது மலை அழகாலா, மலைத் தண்ணீராலா?

வாசகர் கேள்வி:

பிரான்சில் ஆல்ப்ஸ் மலைக்கு நடுவே கிரெனோபிள் என்று ஒரு ஊர். ஊருக்குள் இருக்கும் மக்கள் ஒன்றரை லட்சம் சொச்சம்தான். அங்கே ஆராய்ச்சி அணு உலை, சிங்க்ரோட்ரான் (எக்ஸ்-கதிர் தரும் பெரிய வளைய இயந்திரம்), பக்கத்திலேயே சிப் தொழிற்சாலை, போதாததற்கு நோபல் பரிசு. என் கணக்கு இதுதான்: பனிச்சறுக்கும் மலைக்காட்சியும் பிடித்துப்போய் விஞ்ஞானிகள் அங்கே குடியேறினார்கள். 1968 குளிர்கால ஒலிம்பிக்கை வைத்து அரசாங்கம் பணத்தைக் கொட்டியது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு

மறுப்பு இருக்கிறது. அந்த ஊரில் போஸ்ட்டாக் ஆக (பிஎச்டிக்குப் பிந்தைய ஆராய்ச்சியாளனாக) இருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

முதலில் வரிசையைப் பாருங்கள். பிரெஞ்சு அணுசக்தித் துறையின் மையம் அங்கே வந்தது 1956. நியூட்ரான் உலைக்கான பிரான்ஸ்–ஜெர்மனி ஒப்பந்தம் கையெழுத்தானது 1967 ஜனவரி. மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகமான லெட்டி தொடங்கியதும் 1967. ஒலிம்பிக் நடந்ததோ 1968 பிப்ரவரி. ஒலிம்பிக்கால் சாலைகளும் புது ரயில் நிலையமும் நகராட்சிக் கட்டடமும் வந்தன, மறுக்கவில்லை. ஆய்வகங்கள் அதற்கு முன்பே வேர் விட்டிருந்தன.

வேர் எங்கே என்று கேட்டால் நான் 1869க்குப் போவேன். கிரெனோபிள் பக்கத்தில் லான்சே என்ற சிற்றூர், ஒரு காகித மில்.

ஜனவரி 9, கொஞ்ச நேரம் கழித்து

லான்சே கதையை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆரிஸ்தீட் பெர்ஜெஸ் என்பவர் காகிதத் தொழில் குடும்பத்தில் பிறந்த பொறியாளர். மரத்தை அரைத்துக் கூழாக்கினால்தான் காகிதம். அரைக்கிற கல்லைச் சுற்ற ஏராளமான சக்தி வேண்டும். ஆற்றோரச் சக்கரம் வைத்தால் கிடைக்கிற சக்தி போதாது. நிலக்கரி வாங்கிக் கட்டுப்படி ஆகாது. பெல்தோன் மலையிலிருந்து இறங்கும் சிற்றோடையோ கோடையில் ஒரு தாவு தாவினால் கடந்துவிடுகிற அளவு. ஆனால் அது விழுகிற உயரம் இருக்கிறதே, அதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். இரும்புக் குழாய்க்குள் தண்ணீரை அடைத்து 200 மீட்டர் உயரத்திலிருந்து நேராக டர்பைனில் இறக்கினார். 1882இல் அதையே 500 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனார்.

200 மீட்டர் என்றால் குழாயின் அடியில் காற்றழுத்தத்தைப் போல் இருபது மடங்கு அழுத்தம். 500 மீட்டருக்கு ஐம்பது மடங்கு. அந்தக் காலத்துத் தகட்டையும் ரிவெட்டையும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! ஒரு மூட்டு பிய்த்துக்கொண்டால் கீழே நிற்பவர் கதி அதோகதி.

மலையின் அழகு இதில் எங்கேயும் இல்லை. மலையின் உயரம் இருக்கிறது. பனி மேலே தங்கி, வெயில் காலத்தில் மெதுவாக உருகி இறங்குவதும் இருக்கிறது. 1889 பாரிஸ் கண்காட்சியில் அவர் இதற்கு 'வெள்ளை நிலக்கரி' என்று பெயர் சொல்லிப் பரப்பினார்.

ஜனவரி 11

"காகித மில்லுக்கும் நோபல் பரிசுக்கும் என்ன சம்பந்தம், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறீர்களே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முடிச்சு இருக்கிறது.

டர்பைன் தண்டில் டைனமோவைக் கோத்ததும் மின்சாரம் வந்துவிட்டது. அன்றைக்கு மின்சாரத்தைத் தொலைதூரம் கொண்டுபோகச் செலவு அதிகம். அதனால் தொழிற்சாலைதான் மின்சாரத்தைத் தேடி மலைக்கு வந்தது. அலுமினியம், உலோகக் கலவைகள், மின் வேதியியல் எல்லாம் சுற்றுவட்டாரப் பள்ளத்தாக்குகளில் முளைத்தன. குழாய் செய்பவர், டர்பைன் வார்ப்பவர், மின்மாற்றி கட்டுபவர் என்று ஆள் தேவை பெருகியது. 1892இல் பல்கலைக்கழகத்தில் போல் ஜானே தொழில்துறை மின்சாரம் பற்றிப் பாடம் நடத்தத் தொடங்கினார். அந்த வகுப்பிலிருந்துதான் மின்பொறியியல் கழகம் வளர்ந்தது. 1925இல் 'வெள்ளை நிலக்கரி'க்கென்றே ஒரு சர்வதேசக் கண்காட்சி நடத்துகிற அளவுக்கு ஊர் தலை நிமிர்ந்துவிட்டது. அதற்காக ஒகுஸ்த் பெரே கட்டிய கான்கிரீட் கோபுரம் இன்றும் பூங்காவில் நிற்கிறது, 95 மீட்டர்.

ஆக, 1940இல் ஊரில் இருந்தது: மின்சாரம், உலோகத் தொழிற்சாலைகள், பொறியியல் பள்ளி. அந்த ஆண்டு ஸ்திராஸ்பூரை ஜெர்மானியர் பிடித்ததும் அங்கிருந்து வெளியேறிய ஒரு காந்தவியல் ஆள் இங்கே வந்து சேர்ந்தார். லூயி நீல்.

ஜனவரி 12

நீல் பற்றி நம் பாடப்புத்தகத்தில் 'நீல் வெப்பநிலை' என்று ஒரு வரி வரும், தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துவிடுவோம். நான் மறக்கவில்லை, அதை வைத்துத்தான் பிழைப்பு.

அவர் சொன்னது இதுதான். சில பொருள்களில் அடுத்தடுத்த அணுக்கள் காந்தமாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்று மேலே பார்த்தால் பக்கத்தில் இருப்பது கீழே பார்க்கும். கூட்டினால் பூஜ்யம். வெளியிலிருந்து காந்தத்தைக் காட்டினால் ஏதோ சோம்பலான பொருள் மாதிரித் தெரியும். உள்ளே பார்த்தால் அப்பழுக்கில்லாத ஒழுங்கு. குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். இதை அவர் சொன்னது 1930களில், ஸ்திராஸ்பூர் காலத்தில். பிறகு 1948இல் அடுத்த படி: எதிரெதிராக நிற்கும் இரண்டு தரப்பும் சமபலம் இல்லாவிட்டால் மிச்சம் ஒன்று நிற்கும். கப்பலோட்டிகள் வைத்திருந்த காந்தக்கல் முதல் ரேடியோப் பெட்டிக்குள் இருக்கும் ஃபெரைட் கம்பி வரை அதற்குள் அடக்கம். 1970இல் இயற்பியல் நோபல்.

சும்மா காகிதத்தில் சொல்லிவிட்டால் போதுமா? உள்ளே இருக்கும் மேலும் கீழுமான வரிசையை யார் பார்ப்பது? அங்கேதான் நியூட்ரான் வருகிறது. நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது, அதனால் பொருளுக்குள் ஆழமாகப் போகும். ஆனால் அதுவே ஒரு குட்டிக் காந்தம், அதனால் அணுக்களின் காந்தத் திசை அதற்குத் தெரியும். 1949இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் ஷல் குழுவினர் மாங்கனீஸ் ஆக்சைடில் இந்த வரிசையை நியூட்ரானால் நேரடியாகக் காட்டினார்கள்.

நியூட்ரானுக்காகவே ஒரு உலை தன் ஊரில் வேண்டும் என்று நீல் ஏன் அப்படி நின்றார் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டாம். ஜெர்மனி தரப்பில் இயற்பியலாளர் மையர்-லைப்னிட்ஸ், பிரான்ஸ் தரப்பில் நீல். போர் முடிந்து கால் நூற்றாண்டு ஆகவில்லை, இரண்டு நாடுகளும் சேர்ந்து ஓர் உலை கட்டுகின்றன. பெயர்கூட இரண்டு நாட்டுக்கும் பொதுவாக, ஒரு ஜெர்மன் இயற்பியலாளர், ஒரு பிரெஞ்சு இயற்பியலாளர்: லாவே–லாஞ்செவின் நிறுவனம். உலை 1971இல் இயங்கத் தொடங்கியது. பிரிட்டன் 1973இல் சேர்ந்தது.

ஜனவரி 12, நள்ளிரவு

தூக்கம் வரவில்லை. அங்கே பரிசோதனை எப்படி இருக்கும் என்று எழுதுகிறேன்.

பொடியாக்கிய சாம்பிளை விரல் தடிமன் வனேடியம் குப்பியில் போடுவோம். வனேடியம் ஏன் என்றால், நியூட்ரான் அதில் பட்டால் தனக்கென்று கூரான சிகரம் எதையும் காட்டாது, சாம்பிளின் குரல் மட்டும் கேட்கும். மூடியை இண்டியம் கம்பி வைத்து இறுக்க வேண்டும். மெழுகு போல நசுங்கும் உலோகம் அது, விரலில் அதன் வழவழப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும். பிறகு குப்பியை நீண்ட கம்பியின் நுனியில் திருகி, ஆரஞ்சு நிற கிரையோஸ்டாட்டுக்குள் (கடுங்குளிரில் வைக்கும் உருளைக்குள்) இறக்குவோம். உலகத்தில் பல நியூட்ரான் கூடங்களில் அந்த ஆரஞ்சு உருளையைப் பார்க்கலாம், பிறந்த வீடு கிரெனோபிள்.

கூடத்துக்குள் பகல் இரவு கிடையாது. கான்கிரீட் கட்டைகளுக்கு நடுவே பம்பு ஓடுகிற சத்தம்தான். ஹீலியத்தால் மெல்ல மெல்லக் குளிரவிடுவோம். திரையில் வரைபடம் ஓடிக்கொண்டிருக்கும். நீல் வெப்பநிலையைத் தாண்டிக் கீழே இறங்கியதும், அதுவரை வெறும் தரையாக இருந்த இடத்தில் ஒரு சின்ன மேடு எழும்பும். முதலில் அது கருவியின் தற்செயல் ஏற்ற இறக்கமா நிஜமா என்று சந்தேகம். இன்னும் இரண்டு டிகிரி குளிர்ந்தால் மேடு உயரும். மேலும் கீழுமாக நிற்கும் அந்த வரிசை கண்ணுக்குத் தெரிகிற நேரம் அது. எனக்கு முதல்முறை அது வந்தபோது பக்கத்திலிருந்த ஜெர்மன் தோழி தோளில் ஒரு தட்டு தட்டினாள். இரண்டு பேரும் காபி இயந்திரத்தின் பக்கம் ஓடினோம்.

ஜனவரி 14

"நகரத்துக்குள் அணு உலை வைத்து மின்சாரம் எடுக்கிறார்களே, ஆபத்து இல்லையா?"

மின்சாரம் எடுப்பதில்லை. நியூட்ரான் மட்டும்தான் அங்கே விளைச்சல். வெப்பத் திறன் 58 மெகாவாட். மின் நிலையத்து உலையின் வெப்பத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான். உள்ளே இருப்பது ஒரே ஒரு எரிபொருள் உறுப்பு, சுற்றிலும் கனநீர். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போவது திராக் ஆற்றுத் தண்ணீர். மறுபடியும் மலைத் தண்ணீர், கவனியுங்கள்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், எந்த உலைக்கும் அப்படிச் சொல்லக் கூடாது. நிலநடுக்கம், மேலே உள்ள அணைகள் உடைந்தால் வரும் வெள்ளம், இரண்டையும் கணக்கில் வைத்து ஃபுகுஷிமாவுக்குப் பிறகு அங்கே நிறைய பலப்படுத்தும் வேலை நடந்தது.

ஜனவரி 17

சிங்க்ரோட்ரானைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை என்கிறார்கள். திராக் ஆறும் இஸேர் ஆறும் சேரும் முனையில் 844 மீட்டர் சுற்றளவு வளையம். எலக்ட்ரான் சுற்றும்போது வரும் எக்ஸ்-கதிரை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். ஸ்திராஸ்பூருக்குப் போயிருக்க வேண்டியது, 1984இல் கிரெனோபிள் என்று முடிவானது. பக்கத்திலேயே நியூட்ரான் இருந்தது பெரிய காரணம். 1994இல் திறந்தார்கள். பிறகு வளையத்தையே பிரித்துப் போட்டுப் புதுசாகக் கட்டி 2020இல் மறுபடி திறந்தார்கள்.

வெசூவியஸ் எரிமலையில் கருகிய ஹெர்குலேனியம் நகரத்துப் பாப்பிரஸ் சுருள்களைப் பிரிக்காமலேயே உள்ளே இருக்கும் எழுத்துகளை அங்கே பார்த்தார்கள். பாறைக்குள் இருந்த ஹல்ஸ்கராப்டர் என்ற டைனோசரையும் அங்கேதான் கதிரால் சோதித்து, போலி ஒட்டுவேலை இல்லை என்று உறுதி செய்தார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்த கதை இதற்கெல்லாம் முந்தியது. 1980 பிப்ரவரி 4 இரவு தாண்டி 5 விடியும் நேரம். உயர்காந்தப்புல ஆய்வகத்தில் கிளவுஸ் ஃபான் கிளிட்சிங் ஒரு சிலிக்கான் டிரான்சிஸ்டரை அளந்துகொண்டிருக்கிறார். ஹால் மின்தடை (காந்தப்புலத்தில் மின்னோட்டத்துக்குக் குறுக்கே அளப்பது) படிப்படியாக ஏறுகிறது. படியின் உயரம் எந்தத் துண்டை எடுத்தாலும் ஒரே எண்: 25,812.8 ஓமை முழு எண்ணால் வகுத்தது. பிளாங்க் மாறிலியும் எலக்ட்ரான் மின்னூட்டமும் மட்டும் சேர்ந்த எண். 1985இல் நோபல். இன்று உலகம் முழுக்க ஓமை அளப்பது இதை வைத்துத்தான்.

அந்தக் காந்தம் மெகாவாட் கணக்கில் மின்சாரம் குடிக்கும். செம்புச் சுருள் உருகாமல் இருக்கத் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம், தண்ணீர். இரண்டும் தாராளமாக உள்ள ஊரில்தான் அப்படி ஓர் ஆய்வகம் வைக்க முடியும்.

ஜனவரி 18

"எல்லாவற்றையும் தண்ணீரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள், அந்த ஊரில் இருந்த கணிதவியலாளர் ஃபூரியே?" நல்ல கேள்வி, ஆனால் விடை சின்னது. ஃபூரியே தண்ணீருக்காக வரவில்லை. நெப்போலியன் 1802இல் அவரை இஸேர் மாவட்டத்துக்கு நிர்வாகியாக அனுப்பினார், வந்தார். பகலில் சாலையும் சதுப்புநிலமும், மிச்ச நேரத்தில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்ற ஆராய்ச்சி. 1807இல் அந்தக் கட்டுரையைச் சமர்ப்பித்தார். நாம் இன்று ஃபூரியே தொடர் என்று படிப்பது அங்கே, அந்த வேலைக்கு நடுவே உருவானது. எகிப்து எழுத்தைப் படித்த ஷாம்போலியனும் அந்த ஊரில் படித்து, அங்கேயே வரலாறு கற்பித்தவர்.

அதனால் என் வாதத்தை இப்படி வரையறுக்கிறேன். தனி மேதைகள் எந்த ஊருக்கும் வருவார்கள், போவார்கள். ஃபூரியே போன பிறகு கிரெனோபிள் கணித நகரம் ஆகிவிடவில்லை. ஒருவர் போனாலும் அடுத்தவர் வந்து தொடரும்படி பட்டறை, மின்சாரம், வகுப்பறை, தொழிலாளி எல்லாம் தங்கியதுதான் 1869க்குப் பிறகு நடந்தது. நான் தண்ணீர் என்று சொல்வது அதைத்தான்.

ஜனவரி 20

"அண்ணா, எனக்கு அங்கே பிஎச்டி கிடைத்திருக்கிறது, ஊர் எப்படி?" என்று கேட்ட தம்பிக்கு.

மலையில் வாழப்போகிறோம் என்று நினைத்துப் போகாதே. ஊர் கடல்மட்டத்திலிருந்து 210 மீட்டர் உயரம்தான், மட்டமான தரை, எங்கே போனாலும் சைக்கிள். சுற்றி மூன்று பக்கமும் ஷார்த்ரூஸ், வெர்கோர், பெல்தோன். நகரம் அடியில் கிடக்கிறது. கோடையில் வெயில் உள்ளே மாட்டிக்கொண்டு புழுங்கும். குளிர்காலத்தில் குளிர்ந்த காற்று அடியில் தேங்க, சூடான காற்று மேலே மூடி போட்டுவிடும். விறகு அடுப்புப் புகையும் வண்டிப் புகையும் போக வழியில்லாமல் நாள்கணக்கில் நிற்கும். ஆஸ்துமா இருந்தால் மருந்தைக் கையோடு எடுத்துப் போ, டாக்டரிடம் முன்பே பேசிவிடு.

அப்படிப்பட்ட நாளில் பஸ்தீய் கோட்டைக்கு நடந்து ஏறு. மேக மட்டம் உயரமாக இருந்தால் இன்னும் மேலே ஷார்த்ரூஸ் கிராமங்களுக்குப் பஸ் பிடி. ஒரு வளைவில் சட்டென்று வெயில் கண்ணில் அடிக்கும். கீழே நகரம் இருந்த இடத்தில் வெள்ளை மூட்டம், மேலே நீலம். ஆய்வகத்தில் பாதிப் பேர் திங்கட்கிழமை முகம் சிவந்து வருவது இதனால்தான்.

ஆற்றங்கரையில் மஞ்சள் பலகை இருந்தால் மதித்து நட. மழையே இல்லாமல் தண்ணீர் ஏறும், மேலே அணையில் திறந்துவிடுவார்கள்.

டிராம் அருமை. 1987இல் ஓடத் தொடங்கியபோதே சக்கர நாற்காலி நேராக ஏறும்படி தாழ்ந்த தளத்தோடு வந்தது, மாற்றுத்திறனாளிகள் போராடி வாங்கியது.

ஜனவரி 25

வீடு தேடுகிறவர்களுக்காக எழுதப் போய் இது நினைவுக்கு வந்தது. இந்த ஊரின் அரசியலும் தண்ணீரில்தான் திரும்பியது.

ஊபேர் துப்தூ, அணுசக்தி மையத்தில் வேலை பார்த்த பொறியாளர். 1960களில் மேல்மாடி வீட்டில் குடியிருந்தார், குழாயைத் திறந்தால் தண்ணீர் ஏறாது. நகராட்சியிடம் கேட்டுக் கேட்டு அலுத்து, அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு இயக்கம் தொடங்கினார். அது 1965 நகராட்சித் தேர்தலில் போய் முடிந்தது. ஜெயித்து, 1983 வரை அவர்தான் மேயர். கட்சிக்காரர்கள் நடத்திய ஊரைக் குடியிருப்போர் சங்கத்து ஆள்கள் கைப்பற்றியது பிரான்ஸ் முழுக்கப் பேசப்பட்டது.

பிறகு 1989இல் வேறொரு நிர்வாகம் குடிநீரைத் தனியாரிடம் கொடுத்தது. அதில் லஞ்சம் வாங்கியது நிரூபணமாகி மேயரே சிறைக்குப் போனார். மக்கள் விடாமல் வழக்காடி, தண்ணீர் 2000இல் நகராட்சிக்கே திரும்பியது. அந்தத் தண்ணீர் நிலத்தடியிலிருந்து எடுத்துச் சுத்திகரிப்பு இல்லாமலேயே குழாயில் வருவது. நான் அங்கே பாட்டில் தண்ணீர் வாங்கியதே இல்லை.

பிப்ரவரி 2

உறைந்த தண்ணீரை விட்டுவிட்டேன் என்று ஒரு அம்மா சுட்டிக்காட்டினார்கள். விட்டு வைத்திருந்தேன், மறக்கவில்லை அம்மா.

1958இல் லூயி லிபூத்ரி அங்கே பனிப்பாறை ஆய்வகம் தொடங்கினார். பிறகு அந்த ஆய்வகத்தை நடத்தியவர் குளோத் லோரியுஸ். 1965இல் அண்டார்டிகாவில், ஆழத்திலிருந்து எடுத்த பனிக்கட்டியை விஸ்கியில் போட்டார். கட்டி கரையக் கரைய குமிழிகள் வெடித்தன. அந்தக் குமிழிக்குள் இருப்பது பனி விழுந்த காலத்துக் காற்று அல்லவா என்று பொறி தட்டியது. பிறகு சோவியத் குழுவினர் அண்டார்டிகாவின் வஸ்தோக் நிலையத்தில் துளைத்தெடுத்த பனித் தண்டு கிரெனோபிளுக்கு வந்தது. 1987இல் முடிவு வெளியானது: 1,60,000 ஆண்டுகளாகக் கார்பன் டை ஆக்சைடும் வெப்பமும் கைகோத்தபடி ஏறி இறங்கியிருக்கின்றன. பருவநிலை மாற்றத்தை உலகம் நம்பத் தொடங்கியதற்கு இந்த வரைபடம் பெரிய காரணம்.

2016இல் அதே ஊர் ஆள்கள் மோன் பிளாங்கின் தோமு கணவாயில் பனித் தண்டு எடுத்தார்கள். அடுத்த ஆண்டு பொலிவியாவில் இயிமானி மலையில். மலைப் பனி கெட்டுப்போவதற்கு முன் எடுத்து அண்டார்டிகாவில் பத்திரப்படுத்தத்தான். தங்கள் ஊர் மலையின் பனியைத் தூரதேசத்தில் கொண்டுபோய்க் காப்பாற்ற வேண்டிய நிலை வந்ததை நினைத்தால் எனக்கு மனசு பிசைகிறது.

பிப்ரவரி 6

குரோல் சிப் தொழிற்சாலை பற்றி இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறீர்கள். என் நிலை என்ன என்றும் கேட்டீர்கள்.

குரோல், கிரெனோபிளுக்கு வடகிழக்கே அதே பள்ளத்தாக்கில் இருக்கிறது, லான்சேக்கு ஆற்றின் எதிர்ப்புறம். சிலிக்கான் தகடு ஒவ்வொரு படியிலும் மிகத் தூய தண்ணீரில் கழுவப்பட வேண்டும். 2022 ஜூலையில் பெரிய விரிவாக்கம் அறிவித்தார்கள். அந்தக் கோடையே வறட்சி, விவசாயிகளுக்கும் வீடுகளுக்கும் தண்ணீர்க் கட்டுப்பாடு. 2023 வசந்தத்தில் மக்கள் தெருவுக்கு வந்து, தண்ணீர் வேண்டும், சிப் வேண்டாம் என்று கோஷம் போட்டார்கள். அதற்கு முன்பும் 2006இல் நானோ ஆய்வு வளாகமான மினாடெக் திறந்தபோது ஊரில் எதிர்ப்பு ஊர்வலம் நடந்தது. "படித்த ஊரில் விஞ்ஞானத்துக்கு எதிர்ப்பா" என்று ஒருவர் இங்கே வியந்திருந்தார். படித்த ஊர் என்பதால்தான் கேட்கிறார்கள்.

நான் ஊர்வலக்காரர்கள் பக்கம். தொழிற்சாலையை மூடச் சொல்லவில்லை. வறட்சி ஆண்டில் முதல் வெட்டு யாருக்கு என்று எழுத்தில் போட்டுவிட்டு விரிவாக்கட்டும். பயன்படுத்திய தண்ணீரில் எவ்வளவு திரும்பப் புழங்குகிறது என்பதை மாதாமாதம் நகராட்சிப் பலகையில் ஒட்டட்டும். பனி குறைந்துகொண்டே வரும் பள்ளத்தாக்கில், பெர்ஜெஸ் காலத்தைப் போல மேலே இருக்கிறது எடுத்துக்கொள் என்று இனிமேல் நடக்க முடியாது.

பிப்ரவரி 8

தம்பி மறுபடி எழுதியிருக்கிறார், செப்டம்பரில் சேர்கிறாராம். சந்தோஷம்பா. முதல் வாரமே உள்ளூர் ரயில் ஏறி லான்சேயில் இறங்கு. பெர்ஜெஸ் குடியிருந்த வீட்டை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள், நுழைவு இலவசம். ஆய்வகத்தில் குளிரூட்டும் தண்ணீர் வால்வை யாரைக் கேட்டுத் திறப்பது என்பதையும் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்.